ஆள் மாறினால் தகுதிநீக்கமா? பேண்ட் போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பேண்ட் போட்டி ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம். கல்லூரி விழாவிலும், ஐ.டி. கம்பெனி ஆண்டு விழாவிலும், சில சமயம் மால் வாசலிலும் 'பேட்டில் ஆஃப் பேண்ட்ஸ்' என்று போஸ்டர் அடித்து எங்களைப் போன்றவர்களை மேடையேற்றுகிறவர்கள் நீங்கள். அதற்கு முதலில் நன்றி, நிஜமாகவே. இந்தச் சென்னையில் ஒரு ராக் கவர் பேண்டுக்குக் கிடைக்கிற மேடைகள் கொஞ்சம்தான். நட்சத்திர ஹோட்டல் பார்கள், யாராவது நண்பரின் ரிசப்ஷன், அதை விட்டால் நீங்கள்.

நாங்கள் சொந்தமாகப் பாட்டு எழுதுகிறவர்கள் இல்லை. அடுத்தவர் பாட்டை ஓரளவு ஒழுங்காக வாசிப்போம், திங்கள் முதல் வெள்ளி வரை வேறு பிழைப்பு. நான் ரிதம் கிட்டார். உண்மையைச் சொன்னால் கிட்டாரைவிட அதிகமாக ஃபோனைத்தான் கையில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் ஆள் பிடிக்கிற வேலையும் என் தலையில்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் விதிமுறைத் தாளில், ஊருக்கு ஊர் வார்த்தை மாறினாலும், ஒரு வரி தவறாமல் இருக்கிறது: பதிவின்போது கொடுத்த உறுப்பினர் பட்டியலில் பிறகு எந்த மாற்றமும் செய்யக் கூடாது, செய்தால் தகுதிநீக்கம். அந்த வரியை எடுத்துவிடுங்கள், இல்லை தளர்த்தவாவது செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். கவர் பேண்ட் என்றால் என்ன, அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவர் யாரும் அப்படி ஒரு விதி எழுதியிருக்க மாட்டார்கள்.

எங்கள் குழுவில் ஆள் மாறுவது சண்டையால் இல்லை. சண்டை போட யாருக்கு நேரம் இருக்கிறது? மாறுவதற்கு ஒரு காலண்டரே உண்டு. மார்ச்சில் எச்-1பி, அதாவது அமெரிக்க வேலை விசா, குலுக்கல் நடக்கும், பெயர் விழுந்தவருக்கு அக்டோபர் 1-லிருந்து அங்கே வேலை, அதாவது செப்டம்பரில் ஒரு ஃபேர்வெல் ஜாம். எம்.எஸ். படிக்கப் போகிறவர்கள் அதற்கும் முன்னால், ஜூலை முடிவதற்குள் கிட்டாரை பப்பிள் ராப்பில் சுற்றிவிடுவார்கள். கல்யாணம் வேறு. ஆடியிலும் மார்கழியிலும்தான் எங்கள் குழுவில் கல்யாணத்தால் ஆள் மாறாமல் இருக்கிறது, அந்த இரண்டு மாதங்களில் யார் வீட்டிலும் முகூர்த்தம் வைப்பதில்லை. இதற்கு நடுவே நைட் ஷிஃப்ட், பெங்களூருக்கு மாற்றல், குழந்தை, அப்பாவுக்கு பைபாஸ். இதில் எதையாவது ஒருவர் பேண்டுக்காகத் தள்ளிப்போட வேண்டும் என்று கேட்கிற அளவுக்கு நாங்கள் பெரிய ஆட்கள் இல்லை, உங்கள் பரிசுத் தொகையும் அவ்வளவு பெரிசு இல்லை.

போகிறவர்களும் முழுசாகப் போவதில்லை, அது வேறு கதை. வாட்ஸ்அப் குரூப்பில் அப்படியே இருப்பார்கள். நாங்கள் வீடியோ போட்டால் நியூஜெர்ஸியில் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து "இரண்டாவது சரணத்தில் டெம்போ ஓடிவிட்டது" என்று எழுதுவார்கள். சரியாகவும் இருக்கும், அதுதான் எரிச்சல்.

எல்லா இடமும் ஒரே மாதிரி காலியாவதும் இல்லை, ஒரே மாதிரி நிரம்புவதும் இல்லை. லீட் கிட்டார் வேண்டும் என்று ஒரு ஸ்டேட்டஸ் போட்டால் ராத்திரிக்குள் பத்துப் பேர் வருவார்கள், பத்துப் பேரும் அதே சோலோவை வாசித்து அனுப்புவார்கள். பேஸ் கிட்டார், அடியில் ஓடுகிற கனத்த ஒலிக்கான கிட்டார், அப்படி இல்லை. யாரும் முதல் கிட்டாராக பேஸ் வாங்குவதில்லை. எங்களிடம் வந்து சேர்ந்த பேஸ்காரர்கள் எல்லோரும் ஒன்று இளையராஜா பாட்டில் கீழே ஓடுகிற பேஸைக் கேட்டுக் கெட்டுப்போனவர்கள், இல்லாவிட்டால் "உனக்குக் கொஞ்சம் பொறுமை இருக்கு, நீயே வாசி" என்று நாங்கள் தள்ளிவிட்ட இரண்டாவது கிட்டார்காரர்கள். டிரம்மர் நிலைமை இன்னும் மோசம். அப்பார்ட்மென்டில் டிரம்ஸ் வாசித்துப் பழகினால் அசோசியேஷன் செயலாளர் மாடி ஏறி வருவார். வீட்டில் ரப்பர் பேட் மேல் தட்டிப் பழகிவிட்டு, மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஜாம் ரூமில் நிஜ டிரம் கிட்டில் உட்கார்ந்து, இத்தனையும் தாண்டி டெம்போ நிற்கிற ஒருவர் கிடைத்தால் அவரை மூன்று பேண்ட் பங்கு போட்டுக்கொள்கிறது. அவரை ஒரே குழுவின் பட்டியலில் கட்டிப்போடச் சொல்கிறீர்கள். மற்ற இரண்டு குழுவும் என்ன செய்யும்?

நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யார் நடத்தியது என்று சொல்லப்போவதில்லை, இது ஒருவரைக் குறிவைத்து எழுதுவதும் இல்லை. முதல் சுற்று வீடியோவில் தேறி இறுதிச்சுற்றுக்கு வந்துவிட்டோம். அந்த வாரம் டிரம்மருக்கு டெங்கு. தட்டணு எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருந்தது, பையனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அதே போட்டியில் முதல் சுற்றோடு வெளியேறிய இன்னொரு குழுவின் டிரம்மர், எங்களுக்கு ஜாம் ரூமில் பழக்கம், தானே ஃபோன் செய்து "நான் வாசிக்கிறேன், உங்க செட்ல ரெண்டு பாட்டு எனக்குத் தெரியும், மூணாவது ராத்திரிக்குள்ள பார்த்துடறேன்" என்றார். மேடைக்குப் பின்னால் ஒரு மேஜை, அங்கே கழுத்தில் டேக் போட்ட ஒரு தம்பி எங்கள் அடையாள அட்டை ஒவ்வொன்றையும் படிவத்திலிருந்த ஃபோட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒப்பிட்டுவிட்டு, "சார், இவர் லிஸ்ட்ல இல்லையே" என்றார். டிரம்ஸ் இல்லாமல் வாசிக்க அனுமதி உண்டாம், ஆள் மாற்றத்தான் அனுமதி இல்லையாம். அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் கையில் இருந்த தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது. வாசிக்கத் தயாராக ஒரு டிரம்மர் ஸ்டிக்கோடு நிற்கிறார், கிட் மேடையில் இருக்கிறது, கூட்டம் காத்திருக்கிறது, நாங்கள் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போகிறோம்.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. சினிமா ரெக்கார்டிங்குக்கு வாசிக்கிற ஆளை இறுதிச்சுற்றுக்கு மட்டும் காசு கொடுத்துக் கூட்டிவந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகிற குழுக்கள் உண்டு. நானே பார்த்திருக்கிறேன், நடுவர் அவரைப் பார்த்து "அண்ணா, நீங்க எங்க இங்க?" என்று கேட்டதையும் பார்த்திருக்கிறேன். அதைத் தடுக்கத்தானே இந்த விதி? தடுக்கவில்லையே. காசு வைத்திருக்கிறவன் முதல் நாளே அவர் பெயரைப் படிவத்தில் எழுதிவிடுகிறான். விதி அவனைத் தொடுவதே இல்லை. டெங்கு வந்தவனையும் விசா வந்தவனையும்தான் பிடிக்கிறது.

இன்னொன்று. இறுதிச்சுற்று மேடையின் பின்னால் பேனரில் உலகத்தின் பெரிய பேண்ட்களின் படமெல்லாம் போடுகிறீர்களே, அவர்களில் எத்தனை பேர் உங்கள் விதிக்குத் தப்புவார்கள் என்று யோசித்ததுண்டா? டீப் பர்பிள் 1968-இல் ஆரம்பித்தது, அப்போதிருந்த பாடகரும் பேஸ்காரரும் 1969-லேயே போய்விட்டார்கள். கிட்டார் கடைக்குள் நுழைகிற ஒவ்வொரு பையனும் வாசித்துப் பார்க்கிறானே, அந்த 'ஸ்மோக் ஆன் த வாட்டர்', அது 1972. அதை நமக்குக் கொடுத்ததே மாறிய லைன்-அப்தான். ஆரம்பத்திலிருந்து எல்லா லைன்-அப்பிலும் இருக்கிறவர் டிரம்மர் இயன் பெய்ஸ் ஒருவர்தான். ஏசி/டிசியின் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார், அதே வருடம் ஜூலையில் பிரையன் ஜான்சன் பாடி 'பேக் இன் பிளாக்' வந்துவிட்டது. பீட்டில்ஸே 1962 ஆகஸ்டில் டிரம்மர் பீட் பெஸ்டை அனுப்பிவிட்டு ரிங்கோவை உட்காரவைத்தது. உங்கள் மேஜைக்கு வந்திருந்தால் "சார், இவர் லிஸ்ட்ல இல்லையே" தான்.

இவர்களெல்லாம் பெரியவர்கள், நமக்கு என்ன என்று கேட்பீர்கள். சரி, நம்ம ஜாதிக்கே வருவோம், கவர் பாடுகிற ஜாதி. ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவை விட்டுப் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் போனபின் 1996-இல் அந்த இடத்துக்கு வந்த டிம் ஓவன்ஸ், அதுவரை அமெரிக்காவில் ஜூடாஸ் பிரீஸ்ட் பாட்டுகளையே பாடிக்கொண்டிருந்த கவர் பாடகர். ஜர்னி குழுவின் கிட்டார்காரர் நீல் ஷான் 2007-இல் யூடியூபில் பாடகர் தேடிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டவர் மணிலாவில் கவர் பாடிக்கொண்டிருந்த ஆர்னெல் பினேடா. அசல் குழுவுக்கே ஆள் குறைந்தபோது கவர் பாடகர் போய் நின்றிருக்கிறார், ஆயிரக்கணக்கான ஜனங்கள் முன்னால். ஒரு கவர் பேண்டுக்கு இன்னொரு கவர் பேண்டிலிருந்து ஒரு டிரம்மர் வந்து மூன்று பாட்டு வாசிக்கக் கூடாதா?

ஒரு முறை ஒரு நடுவர் எங்களிடம், "போன தடவை பார்த்தபோது இருந்த முகம் ஒண்ணுகூட இல்லையே, இது அதே பேண்ட்தானா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார் (என் முகம் அவருக்கு ஞாபகம் இல்லை போலிருக்கிறது, ரிதம் கிட்டார்காரனின் விதி அது). அப்போது சிரித்து வைத்தேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

கவர் பேண்ட் என்றால் ரெக்கார்டில் இருப்பதை அப்படியே இறக்கி வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். ரெக்கார்டில் எத்தனையோ பாட்டுக்கு முடிவே கிடையாது. சத்தம் குறைந்துகொண்டே போய்க் காணாமல் போகும், அவ்வளவுதான். ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிபோர்னியா' அப்படி ஒன்று, 1976-இல் வந்த அந்த ரெக்கார்டில் இரண்டு கிட்டாரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடும். மேடையில் ஐந்து பேர் சேர்ந்து மங்க முடியாது. யாராவது முடித்துத்தான் ஆக வேண்டும். எங்கள் முதல் டிரம்மர் அதற்கு ஒரு முடிவு போட்டார். கடைசிச் சுற்று வருகிறது என்பதற்கு அடையாளமாக அவர் ஸ்நேரை (சுரீரென்று ஒலிக்கிற அந்த டிரம்மை) ஒரு தாளச் சுற்று முழுக்க அடிக்காமல் விட்டுவிடுவார், அந்த ஓட்டையைக் கேட்டதும் எல்லோரும் உஷார். அடுத்த சுற்றில் பாதி வேகம். கடைசியில் பேஸ் மட்டும் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிற்கும், அது அடங்கும் வரை வேறு யாரும் தந்தியைத் தொடக் கூடாது, அடங்கியதும் ரைடு சிம்பல் என்கிற பெரிய தட்டின் நடுக் குமிழில் ஒரே ஒரு தட்டு. அவர் போய் வருஷக்கணக்காகிறது. நடுவில் வேறு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். இப்போது வாசிக்கிற பெண் அவரை நேரில் பார்த்ததே இல்லை. அந்த ஸ்நேர் ஓட்டை, அந்த ஒற்றைத் தட்டு, இரண்டும் அப்படியே இருக்கின்றன. அவள் ஒன்றைச் சேர்த்திருக்கிறாள், பாதி வேகத்துக்கு இறங்கும்போது ஹை-ஹேட்டை, காலால் மூடித் திறக்கிற அந்த ஜோடி சிம்பலை, கொஞ்சம் திறந்து விடுகிறாள். நன்றாகவே இருக்கிறது. அவளும் ஒரு நாள் போவாள், அது இங்கேயே இருக்கும்.

இதெல்லாம் ஒரு ஷீட்டில் எழுதி வைத்திருக்கிறோம். பாட்டு, சுருதி, கிட்டார் ட்யூனிங், யார் எண்ணித் தொடங்குவது, எங்கே நிறுத்துவது, எப்படி முடிப்பது. சுருதிக் கட்டத்தில்தான் அடித்தல் திருத்தல் அதிகம், ஒவ்வொரு பாடகர் மாறும்போதும் அது மாறும். நெஞ்சுக்குரலில் பாடுகிற ஒரு பையன் போய் அவன் இடத்துக்கு ஒரு பெண் வந்தபோது பாதி செட்டை மூன்று நான்கு ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் இருக்கிற கட்டங்கள்) தள்ளினோம். கீபோர்டுக்கு அது ஒரு பட்டன். கிட்டாருக்கு அப்படி இல்லை, திறந்த தந்தியில் நிற்கிற ஒரு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வருகிற கிட்டார் வரி, இடம் மாறினால் விரல் முழுக்கப் புதுசாகப் பழக வேண்டும், இல்லையென்றால் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடித்துச் சுருதியை ஏற்றுகிற கிளிப்) மாட்டிக்கொண்டு சமாளிக்க வேண்டும். அசல்காரர்களுக்கும் இந்தத் தலைவலி இருந்திருக்கிறது. நான் மேலே சொன்ன 'ஹோட்டல் கலிபோர்னியா'வையே ஈகிள்ஸின் கிட்டார்காரர் டான் ஃபெல்டர் ஈ மைனரில்தான் முதலில் போட்டார், அதைப் பாடிய டான் ஹென்லியின் குரலுக்காகத்தான் அது பி மைனருக்குப் போனது. நடுவர் கேட்ட கேள்விக்கு என் பதில் அந்த ஷீட்தான். அது இருக்கிறவரை இது அதே பேண்ட். முகத்தை விட்டுவிடுங்கள்.

நம்ம ஊரில் இதைப் புரியவைக்க நான் இவ்வளவு எழுத வேண்டியிருப்பதுதான் ஆச்சரியம். மார்கழியில் சபாவுக்குப் போய்ப் பாருங்கள். ஒரே மிருதங்க வித்வான் மத்தியானம் ஒருவருக்கு வாசித்துவிட்டு சாயங்காலம் வேறு சபாவில் வேறொருவருக்கு வாசிப்பார். அழைப்பிதழில் போட்டிருந்த வயலின்காரருக்கு உடம்பு சரியில்லை என்றால் இன்னொருவர் வந்து உட்காருவார், செயலாளர் மைக்கில் ஒரு வரி சொல்வார், கச்சேரி நடக்கும். யாராவது டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கிறார்களா? கோயில் திருவிழாவில் வாசிக்கிற மெல்லிசைக் குழுக்களும் அப்படித்தான், இன்றைக்கு இந்தக் குழுவில் தபேலா வாசித்தவர் நாளைக்கு அடுத்த ஊரில் வேறு பேனருக்குக் கீழே இருப்பார். ஏ.ஆர். ரஹ்மான் 'ரோஜா'வுக்கு முன்னால் சிவமணியோடு 'ரூட்ஸ்' என்ற குழுவில் கீபோர்டு வாசித்தார், 'நெமெசிஸ் அவென்யூ' என்று ஒரு ராக் பேண்டும் ஆரம்பித்தார், அப்புறம் வேறு வேலைக்குப் போய்விட்டார். (எங்கள் கீபோர்டுக்காரர் சான் ஹோசேவுக்குப் போனதை இதோடு ஒப்பிட வேண்டாம்.)

ஆமாம், கச்சேரி வேறு ராக் வேறு, எனக்கும் தெரியும். அங்கே வருகிற எல்லோருக்கும் பொதுவான ஒரு இலக்கணம் இருக்கிறது. கவர் பேண்ட்களுக்கும் அப்படி ஒன்று இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வருவது. ஊரில் எல்லாக் குழுவும் ஏறக்குறைய அதே நாற்பது ஐம்பது பாட்டைத்தான் வாசிக்கிறது, எனவே எந்த டிரம்மர் வந்து உட்கார்ந்தாலும் அவருக்கு எங்கள் செட்டில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும், மீதிக்கு அந்த ஷீட்டும் ஒரு சாயங்காலமும் போதும். சொந்தப் பாட்டு வாசிக்கிற குழுவுக்கு இது முடியாது, அவர்கள் போட்டிக்கு உங்கள் விதி பொருந்தினால் பொருந்தட்டும். கவர் பிரிவில் அதை அப்படியே தூக்கி ஒட்டியிருப்பதுதான் பிரச்சினை.

அதனால் என்ன செய்யலாம்? ஐந்து பேர் குழு என்றால் இறுதிச்சுற்றுக்குள் இரண்டு பேர் வரை மாறலாம் என்று வையுங்கள், மூன்று பேர் மாறினால் வேண்டுமானால் வெளியே அனுப்புங்கள். மாற்று ஆள் எங்கிருந்து வருகிறார் என்ற பயத்துக்கும் வழி இருக்கிறது: அதே போட்டியில் பதிவு செய்து, வெளியேறிவிட்ட குழுக்களிலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று போடுங்கள். அவர்கள் அடையாள அட்டை ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, அவர்கள் வாசிப்பதை உங்கள் நடுவர்கள் பார்த்தாகிவிட்டது, காசுக்கு வந்த ஆள் இல்லை என்பதும் தெரியும். தோற்றுப்போன குழுவிலிருந்து ஒருவர் இறுதிச்சுற்றுக்கு வந்தால் அவருடைய நண்பர்கள் கூட்டமும் கூடவே வரும், உங்கள் ஸ்பான்சருக்கும் நல்லது. படிவத்தை ஒரு மாதம் முன்னால் பூட்டாமல் சவுண்ட் செக் நேரத்தில் பூட்டுங்கள்.

டிரம்மர் விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஒரே டிரம்மர் இரண்டு குழுவுக்கு வாசிக்க விடுங்கள், அந்த இரண்டு குழுவையும் அடுத்தடுத்து வையுங்கள். உங்கள் நிகழ்ச்சி எப்போதும் எங்கே இழுக்கிறது என்று பாருங்கள், குழு மாறும் இடைவெளியில். ஒருவர் தன் ஸ்நேரையும் சிம்பல்களையும் கிக் பெடலையும் கழற்றிக்கொண்டு இறங்குவார், அடுத்தவர் தன்னுடையதை மாட்டி, ஸ்டூலை ஏற்றி இறக்கி, மைக்கை நகர்த்தி, சவுண்ட் ஆள் மறுபடியும் "கிக்... கிக்... ஸ்நேர்..." என்று ஆரம்பிப்பார். ஜனங்கள் அந்த நேரத்தில்தான் எழுந்து பிரியாணி ஸ்டாலுக்குப் போகிறார்கள், பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. டிரம்மர் மாறாவிட்டால் இதில் முக்கால்வாசி வேலை இல்லை.

அடுத்த போட்டிக்கான உங்கள் கூகுள் ஃபார்ம் வந்துவிட்டது, பார்த்தேன். அதே வரி, ஏழாவது விதியாக. நாங்கள் நிரப்பி அனுப்பப்போகிறோம். எங்கள் பேஸ்காரருக்கு விசா நேர்காணல் தேதி கிடைத்திருக்கிறது, இறுதிச்சுற்றுக்கு நான்கு நாள் முன்னால். அதனால் 'பேஸ் கிட்டார்' என்ற இடத்துக்கு நேராக இரண்டு பெயர் எழுதி நடுவில் ஒரு சாய்கோடு போட்டிருக்கிறேன். அந்தக் கட்டம் சாய்கோட்டை ஏற்றுக்கொள்கிறதா என்று சோதித்துப் பார்த்துவிட்டேன், ஏற்றுக்கொள்கிறது. நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா என்று மட்டும் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ரிதம் கிட்டார்காரன், சென்னை